இரண்டே வழிதானா?



வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவர்தம் பயிற்சி நூலில் தருக்கத் திறன் பற்றிய பகுதியைக் கண்டிருப்பீர்கள். சில கூற்றுகளைத் தந்து, அவற்றின்கீழ் இரண்டு முடிவுகளை எழுதியிருப்பர். 'முதலாவது சரி, இரண்டாவது சரி, இரண்டும் சரி, இரண்டில் ஏதேனும் ஒன்று சரி, இரண்டும் சரியல்ல' என விடைகள் நிற்கும். மாணவர் பலர் சறுக்கும் இடம், 'ஏதேனும் ஒன்று' என்னும் அந்த விடையே.

நம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். 'கம்பத்துத் தோட்டங்கள் யாவும் திராட்சைத் தோட்டங்கள்' என்பது ஒரு முடிவு. 'அவற்றுள் ஒன்றுகூடத் திராட்சைத் தோட்டம் அன்று' என்பது மற்றொன்று. ஒன்று பொய்யெனில் மற்றது மெய் எனத் தோன்றும். ஆனால் சில தோட்டங்களில் திராட்சையும், சிலவற்றில் வாழையும் தென்னையும் விளைவதை நாம் அறிவோம். ஆக, இரண்டுமே பொய். மாறாக, 'சில திராட்சைத் தோட்டங்கள்' என்பதற்கு எதிரே 'ஒன்றுகூட அன்று' என வைத்தால், மூன்றாம் நிலைக்கு இடமில்லை. ஒன்று வீழ்ந்தால் மற்றது நிற்கும். எனவே மாணவர் முதலில் கேட்க வேண்டியது இதுவே: இரண்டும் ஒருசேரப் பொய்யாக இயலுமா? இயலுமெனில், 'ஏதேனும் ஒன்று' என்னும் விடை பொருந்தாது.

தேர்வுத்தாளுக்கு வெளியிலும் இப்பொறி உண்டு. 1895 முதல் நமக்கு நீர் தரும் முல்லைப் பெரியாற்று அணையைக் குறித்து, 'அணை நின்றால் கீழே வாழும் கேரள மக்களுக்கு ஆபத்து. அணை போனால் ஐந்து மாவட்டங்களுக்கு வறட்சி' என்று பேசப்பட்டது. 2011 டிசம்பரில் எல்லையின் இருபுறமும் மக்கள் கொதித்தெழுந்தனர். ஆயினும், இடிப்பதற்கும் அப்படியே விடுவதற்கும் இடையே வேறு வழிகள் இருந்தன. 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அணையின் மேற்புறம் கான்கிரீட்டும், உள்ளே எஃகு வடங்களும், பின்புறம் கான்கிரீட் தாங்கலும் சேர்த்து வலுவூட்டினர். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்க இசைந்து, மேற்பார்வைக்கு மூவர் குழுவையும் அமைக்கச் சொன்னது. வழக்காடல் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. எனினும், 'அவர்கள் உயிரா, நம் பயிரா?' என்னும் கேள்வியே பிழையானது என்பது விளங்குகிறதன்றோ?

வினாவுக்கு விடையிறுக்கும் முறைகள் நான்கு என மணிமேகலைக் காப்பியம் பகுத்துரைக்கிறது. துணிந்து சொல்வது, கூறுபடுத்திச் சொல்வது, எதிர்வினா தொடுப்பது, பேசாதிருப்பது என்பன அவை. கேட்டவர் நீட்டிய இரண்டில் ஒன்றைக் கட்டாயம் பற்ற வேண்டும் என்பது அப்பட்டியலில் இல்லை!

பெற்றோரே, பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் இதை நினைவிற் கொள்ளுங்கள். 'டாக்டர் ஆகிறாயா, குடும்ப மானத்தை வாங்குகிறாயா?' என்று கேட்கும் தாய் தந்தையர் இன்றும் உளர். வேளாண்மை, செவிலியம், ஆசிரியப் பணி, தொழிற்கல்வி, மறுதேர்வு என எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன! அவற்றை மறைத்து இரண்டை மட்டும் காட்டும்போது, பதினேழு வயதுப் பிள்ளை அவ்விரண்டுமே உலகம் என நம்பிவிடுகிறது. அந்நம்பிக்கை உயிரையே பறித்த செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். மூன்றாவது வழியைச் சுட்டிக்காட்டும் முதற்குரல் உங்கள் குரலாக இருக்கட்டும்.