தீவுக்குக் காவல்

மரம் நடும் விழாவுக்குக் கூட்டம் சேர்ப்பது சுலபம். நட்ட மரத்துக்கும் அதில் வந்து தங்கும் பறவைக்கும் காவலிருக்கக் கூட்டம் சேருமா? சேரும் என்று காட்டியிருக்கிறது ஒரு சின்னஞ்சிறு தீவு.

நியூஜிலாந்து தேசத்தில், ஆக்லாந்து நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் கிடக்கிறது டிரிட்டிரி மட்டாங்கி. பரப்பு 220 ஹெக்டேர்தான். ஒரு காலத்தில் அடர்ந்த காடாக இருந்த இடம். கால்நடை மேய்ச்சலுக்காக மொட்டையடிக்கப்பட்டது. 1971-ல் மேய்ச்சல் நின்றபோது, பள்ளங்களில் சில துண்டுக் காடுகளே மிஞ்சியிருந்தன.

1984 முதல் பத்து வருஷ காலம் ஜனங்கள் படகேறி வந்து, கூலி வாங்காமல், 2,50,000-க்கு மேற்பட்ட கன்றுகளை நட்டார்கள். கலங்கரை விளக்கைக் காத்து வந்தவரே நாற்றுகளுக்கும் காவலரானார். 1988-ல் ஆதரவாளர் சங்கம் ஒன்றும் ஏற்பட்டது.

காடு வளர்ந்தது. ஆனால் எலியும் இருந்தது. அந்தத் தேசத்தில் வௌவாலைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டிப் பிராணி ஆதியில் எதுவுமே இல்லை. ஆகவே பல பறவைகள் பறப்பதையே மறந்து தரையில் கூடு கட்டின. பிற்காலத்தில் மனிதனுடன் வந்து சேர்ந்த எலிக்கு முட்டையும் விதையும் நல்ல விருந்தாயின. 1993-ல் ஹெலிகாப்டரிலிருந்து விஷ உணவு தூவி, தீவிலிருந்த எலிகளை அடியோடு ஒழித்தார்கள். அதன் பிறகு 1995-ல் ஹிஹி, 1997-ல் கோகாக்கோ என்ற அபூர்வப் பறவைகளும், 2003-ல் டுவட்டாரா என்னும் புராதன ஊர்வனவும் அங்கே குடியேற்றப்பட்டன.

“ஒரு ஜீவனைக் காக்க மற்றொன்றைக் கொல்வதா?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த எலி மாவோரி மக்களின் மூதாதையருடைய தோணிகளில் வந்தது. அதைத் தங்கள் பரம்பரைச் செல்வமாகக் கருதுவோரும் அவர்களில் உண்டு. விஷத்தினால் சில பறவைகளும் மடிந்தன. எலியின் மீது குற்றமில்லை. கொண்டு வந்தவன் மனிதன். நம் வீட்டு முற்றத்து மைனாகூட 19-ஆம் நூற்றாண்டில் மனிதன் கொண்டுபோய் விட்டதனால் அந்தத் தேசத்தில் வேண்டாத விருந்தாளியாகி விட்டதே! ஆயினும் அந்த ஹிஹியும் கோகாக்கோவும் அத்தேசத்தைத் தவிர உலகில் வேறெங்குமே இல்லாதவை. அழிந்தால் அழிந்ததுதான். ஆகையால் கொன்றதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் அத்தகைய கொலைக்கு ஒரு கடமை உண்டு: மறுபடியும் கொல்ல நேராதபடி காவல் காப்பது. அதில் தவறினால் அத்தனை உயிர்களும் வீணாகவே மாண்டன என்றாகும்.

அந்தக் காவலுக்கு ஓய்வில்லை. 2000-ல் அர்ஜெண்டைனா தேசத்து எறும்பு அத்தீவில் காணப்பட்டது. அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. காற்றிலே களை விதைகள் வருகின்றன. தொண்டர்கள் தேடித் தேடிப் பிடுங்குகிறார்கள்.

இத்தனைக்கும் தீவின் கதவை அவர்கள் சாத்திவிடவில்லை. யாரும் போய்ப் பார்க்கலாம். படகேறுமுன் பையைத் திறந்து, எலியோ எறும்போ ஒளிந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பாதரட்சையில் ஒட்டிய மண்ணையும் விதையையும் தேய்த்து அகற்ற வேண்டும். தின்பண்டத்தை மூடிய பாத்திரத்தில்தான் கொண்டு போகலாம்.

சினையுற்ற ஓர் எலி போதும், பல்லாண்டு உழைப்பைப் பாழாக்க. அதைத் தடுக்கச் சர்க்கார் ஆளுக்கொரு சேவகனை நியமிக்க முடியுமா? அவரவர் பைக்கு அவரவரே காவல். யாரும் பார்க்காதபோதும் செருப்பைத் தட்டிவிட்டுப் படகேறும் ஜனங்கள் இருக்கும் வரையில், அந்தப் பறவைகள் தரையிலே கூடு கட்டலாம்.