மடியில் வளரும் கதை

“குழந்தைகள் புத்தகத்திலிருந்து எடுத்த படம்தானே, பார்க்கட்டும்” என்று நம் லப்பைக்குடிக்காட்டு வீடுகளிலும் சமாதானம் சொல்லப்படுகிறது. இதை நாம் ஏற்பதற்கில்லை.

மாரிஸ் செண்டாக் 1963இல் எழுதி வரைந்த ‘வேர் தி வைல்டு திங்ஸ் ஆர்’ என்னும் படநூலில் 400 சொற்கள்கூட இல்லை. 2009இல் அது ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டிய திரைப்படமாயிற்று. வில்லியம் ஸ்டைக் 1990இல் வெளியிட்ட மெல்லிய படநூலே 2001இல் ‘ஷ்ரெக்’ படமாயிற்று. சொல் குறைந்த நூலில் மீதியைச் சொல்லத் தாய் வேண்டும்; பக்கம் திருப்புமுன் பிள்ளை கேள்வி கேட்க வேண்டும். திரைப்படமோ இருவருக்கும் வேலை வைப்பதில்லை.

ஆயினும் திரையை மட்டும் பழிப்பது நீதியன்று. நம் வீட்டில் படநூல் ஒன்றேனும் உண்டா? வளைகுடாவிலிருந்து அத்தா அனுப்பும் பணத்தில் கைப்பேசி வருகிறது; நூல் வருவதில்லை. ஓதுமாறு பணித்த கட்டளையோடு வஹீ தொடங்கப்பெற்ற சமுதாயமன்றோ நாம்! எறும்பும் ஹுத்ஹுத் பறவையும் பேசும் சுலைமான் நபி (அலை) வரலாறு அந்நம்ல் அத்தியாயத்தில் இருக்க, அதைச் சொல்ல நேரமில்லை என்பது வெட்கத்திற்குரியது.

மஃரிபுக்குப் பின் பத்து நிமிடமேனும் பிள்ளையை மடியில் இருத்திக் கதை சொல்வோம். அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.