நின்ற நிலத்தைத் தீட்டுவோம்

அரூப நிலக்காட்சி ஓவியர்களின் கொள்கைப் பிரகடனம்

தமிழ்நாட்டில் அரூப ஓவியம் தீட்டிவரும் நாங்கள், கூடிப் பேசி ஒருமனதாக ஏற்றுக்கொண்ட கொள்கைகளை இதன்மூலம் அறிவிக்கிறோம்.

"மலை எங்கே, ஆறு எங்கே?" என்று எங்கள் படங்களின் முன் நின்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. ஒரு நிலம் எங்கள் உடம்பிலும் மனசிலும் என்ன செய்ததோ, அதைத்தான் நாங்கள் தீட்டுகிறோம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவற்றை அவற்றோடு பிணைத்தது சங்கக் கவிதை தந்த நம் திணை மரபு. கடற்கரை நிலமான நெய்தலில் கடலும் பொழுது சாயும் வேளையும் இரங்கலும் ஒன்றாகவே வருகின்றன. எங்கள் ஓவியத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

1. நிலத்தில் போய் நிற்பதே முதல் வேலை. செல்போன் படத்தைப் பார்த்துத் தீட்ட மாட்டோம். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில், இரும்புச் சத்தால் சிவந்த மணலில் உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றினால் உள்ளங்கால் வெந்துபோகும். காற்று மணலை வாரிக்கொண்டுவந்து பனைகளின் அடியை மூடும். பல்லிடுக்கில் மணல் நறநறக்கும். தலைக்கு மேலே ஓலை சலசலக்கும். இத்தனையில் கேமராவுக்குச் சிக்குவது நிறம் ஒன்றுதான்.

2. ஐம்புலனுக்கும் கேன்வாஸில் இடம் உண்டு. தேரியின் சூட்டுக்காகக் காவி வண்ணத்தைக் கெட்டியாக அப்பி, பாதி காய்ந்ததும் கத்தியால் சுரண்டி, அடியில் பூசிய மஞ்சளை வெளியே கொண்டுவருகிறோம். வண்ணம் வற்றிய தூரிகையை வேகமாக இழுக்கும்போது ஓலையின் ஓசை கீறல்களாக விழுகிறது.

3. பார்த்த சூட்டோடு தீட்ட மாட்டோம், நினைவில் ஊறவிடுவோம். ஓவியர் ராம் குமார் 1960-இல் சக ஓவியர் எம்.எஃப். ஹுசைனோடு காசிக்குப் போய்வந்த பிறகு, அவர் படங்களிலிருந்து மனித உருவங்கள் விலகின. வீடுகளும் ஆறும் நிறத் தளங்களாயின. மத்தியப் பிரதேசத்துக் காட்டுப்பகுதியில் பிறந்த ஓவியர் எஸ்.எச். ரஸா, 1950-இல் பாரிஸுக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்தும், பிள்ளைப் பிராயத்துக் காட்டின் இருட்டைத் தீட்டினார். எதை மறக்க முடியவில்லையோ அதுவே படத்துக்கு உரியது.

4. அரூபத்தைச் சாக்காக்க மாட்டோம். எந்த ஊர், எந்தப் பருவம், எந்தப் பொழுது என்று ஒவ்வொரு படத்தின் பின்புறமும் எழுதிவைப்போம். எழுத முடியாத படத்தைக் கண்காட்சிக்கு அனுப்ப மாட்டோம்.

5. அழகை மட்டும் பொறுக்க மாட்டோம். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றது. பெருங்குடிக் குப்பை மேடு வளர்ந்ததும் அதே சதுப்பில்தான். கோரைப்புல்லின் ஈர வாசனையும் குப்பையின் நெடியும் ஒரே மூச்சில் ஏறுகிற இடம் அது. இரண்டையும் ஒரே படத்தில் வைப்போம். நிலத்தைக் காக்கும் போராட்டங்களில் மக்களோடு நிற்போம்.

6. சந்தைக்காக, விற்ற படத்தையே மறுபடி மறுபடி தீட்ட மாட்டோம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, தங்கள் ஓவியத்தைச் சுதந்திரமாக வைத்துக்கொண்டார்கள். பிழைப்பைக் கூட்டாகப் பார்த்துக்கொண்டால் கலை தலைகுனிய வேண்டியதில்லை என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். அந்த வழியில் நாங்களும் கருவிகளையும் கூடத்தையும் வருமானத்தையும் பகிர்ந்துகொள்வோம்.

இக்கொள்கைகளை ஏற்கும் ஓவியர்களே, நுண்கலைக் கல்லூரி மாணவர்களே, எங்களோடு சேருங்கள். உங்கள் ஊர்க் கண்மாயும் ஓடையும் பொட்டலும் இருக்கும்போதே போய் நில்லுங்கள். தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், நினைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு தூரிகையை எடுங்கள்.