பாட்டை மெதுவாக்கிக் கேட்டு வாசிக்கப் பழகுறது... ஏமாத்து வேலையா?

ராத்திரி 10 மணி. ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு கீபோர்டு முன்னால் உட்காருகிறீர்கள். பிடித்த பாட்டின் இடையிசையில் வருகிற அந்த நாலு விநாடிப் புல்லாங்குழலை வாசித்துப் பார்க்க ஆசை. ஆனா, விரல் முதல் ஸ்வரத்தைத் தேடுவதற்குள் அது போயே போய்விடுகிறது. பத்து தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, கீபோர்டை மூடி வைத்துவிட்டு ரீல்ஸ் பக்கம் போய்விடுகிறோம்.

இதற்கான வழி போனிலேயே இருக்கிறது. யூடியூப் செட்டிங்ஸில் வேகத்தை 0.5 என்று வைத்தால் போதும். ஆனாலும் பலருக்கு ஓர் உறுத்தல்: 'நல்ல காது இருக்கிறவன் இதெல்லாம் இல்லாமலே வாசிச்சிடுவானே?'

என்னைக் கேட்டால், இதில் ஏமாத்து எதுவும் இல்லை. ஆனா, தப்பாகப் பயன்படுத்தினால் நம் காதை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

இது புதுசு இல்லை

அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1945-ல் பதிவு செய்த 'கோ-கோ' நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 தட்டு வேகத்தில் ஓடும். தட்டுக்கு 2 ஸ்வரம் என்றால், விநாடிக்கு 10 ஸ்வரம். அதை அப்படியே காதில் பிடிப்பது லேசுப்பட்ட காரியமா?

எல்.பி. ரெக்கார்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். அந்தக் காலத்து பிளேயர்கள் பலவற்றில் 16⅔ என்றொரு வேகமும் இருந்தது. அதில் ஓடவிட்டால் சரியாகப் பாதி வேகம். ஜாஸ் கற்ற இளைஞர்கள் பலர் வேகமான சோலோக்களை இப்படித்தான் பிடித்தார்கள். பாதி வேகத்தில் சுருதியும் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். மேல் ஸட்ஜம் மத்திய ஸட்ஜமாகக் கேட்கும், அவ்வளவுதான். ஸ்வரம் மாறாது.

இப்போ சுருதி ஏன் இறங்குவதில்லை?

மென்பொருள் ஒலியை மிகச் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிகிற மாதிரி வெட்டுகிறது. துண்டுக்குள் இருக்கிற அதிர்வைத் தொடாமல், துண்டுகளைத் தள்ளித் தள்ளி அடுக்குகிறது. இடைவெளி விழும் இடத்தை நிரப்பிவிடுகிறது. அதிர்வு மாறாததால் சுருதி அப்படியே நிற்கிறது, நேரம் மட்டும் நீள்கிறது. இது ஒரு முறை. 1966-லேயே பெல் ஆய்வகத்தின் ஃபிளானகனும் கோல்டனும் 'ஃபேஸ் வோகோடர்' என்ற இன்னொரு முறையை வெளியிட்டுவிட்டார்கள்.

ஆனா, அளவுக்கு மீறி இழுத்தால் மிருதங்கத்தின் சொல் குழைந்துபோகும், குரல் நடுங்கும். 0.25-க்கெல்லாம் போகவே வேண்டாம்.

எங்கே கோட்டை விடுகிறோம்?

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே இடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைகிற ஸ்வரம். பதிவை மெதுவாக்கிக் கேட்டால், அந்த அசைவு 'ரி-ம-ரி-ம' என்று தனித்தனியாகக் காதில் விழும். அதை அப்படியே கீபோர்டில் தட்டினால் எல்லா ஸ்வரமும் சரிதான், தோடி மட்டும் இருக்காது.

வர்ணத்தை முதல் காலத்தில் பாடுகிறவர், இரண்டாம் காலத்தில் பாடியதை இழுத்துப் பாடுவதில்லை. கிடைத்த கூடுதல் இடத்துக்கு ஏற்ப கமகத்தையும் மாற்றுகிறார். 0.5-ல் கேட்பது முதல் காலம் அல்ல, இழுக்கப்பட்ட இரண்டாம் காலம். எந்தெந்த ஸ்வரம் என்று அது சொல்லும். எப்படி வாசிப்பது என்பதை முழு வேகத்தில் கேட்டால்தான் பிடிபடும்.

அப்போ எப்படிப் பழகலாம்?

• முதலில் முழு வேகத்திலேயே கேளுங்கள், அது தானாக வாயில் வருகிற வரைக்கும்.

• பிறகு இரண்டு மூன்று விநாடி மட்டும் எடுத்து 0.5 அல்லது 0.75-ல் கேளுங்கள். வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்னால் பாடிப் பாருங்கள். பாட வரவில்லை என்றால், காது இன்னும் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

• வாசிக்க வந்ததும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் இதைச் சதவீதக் கணக்கிலேயே செய்யலாம்.

• கடைசியாக, பதிவை நிறுத்திவிட்டுத் தனியாக வாசியுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம்.

'இந்தக் கட்டையை அழுத்து' என்று காட்டுகிற டுடோரியல் வீடியோவில் இதைவிடச் சீக்கிரம் வேலை முடிந்துவிடும், உண்மைதான். ஆனா, அடுத்த பாட்டுக்கு அடுத்த வீடியோவைத் தேட வேண்டும். காதால் பிடித்த நாலு விநாடி அப்படியில்லை; அதே பிடி வேறொரு பாட்டில் வந்தால் விரல் தானாகப் போய் நிற்கும்.

வேலைக்குப் போகிற நமக்கு நாளைக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிசு. இன்றைக்கு அந்தப் புல்லாங்குழலின் முதல் இரண்டு விநாடி போதும். மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம்.