காய்ச்சல் விட்டதும் கஞ்சியை நிறுத்தலாமா?



பட்ஜெட் என்றால் எது விலை ஏறியது, எது இறங்கியது என்று மட்டும் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைப்பவள்தான் நானும். பத்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு 'நிதிப் பற்றாக்குறை' என்று எங்கே போட்டிருந்தாலும் விடாமல் படிக்கிறேன். காரணம், அதே கணக்கில் நானும் ஒரு தப்புப் பண்ணியவள்.

என் வீட்டுக்காரர் அத்திப்பட்டில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர். ஒப்பந்தத் தொழிலாளி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ரயிலும் நின்றது, சம்பளமும் நின்றது. என் நாலு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. வருஷக் கடைசியில் வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் மாசத்தில் பாதி நாள்தான் ஷிப்ட், ஓவர்டைம் கிடையாது.

எனக்கோ அவசரம். வட்டி ஏறுதே, நகையை மீட்டாகணுமே என்று முதல் சம்பளத்திலிருந்தே பிடிக்க ஆரம்பித்தேன். பாலைப் பாதியாக்கினேன், முட்டையை நிறுத்தினேன். தையல் மிஷின் மோட்டார் போயிருந்தது. அதை ரிப்பேர் பண்ண ஆயிரம் ரூபாய் எதுக்கு என்று மூலையில் தள்ளினேன். என்ன ஆச்சு? மிஷின் ஓடியிருந்தால் பிளவுஸ் தைத்து வாரம் முந்நூறு, நானூறு வந்திருக்கும். அதுவும் போச்சு. 2021 மே மாசம் மறுபடி ஊரடங்கு வந்தபோது கையில் காசும் இல்லை, மிஷினும் ஓடவில்லை. காதில் கிடந்த கம்மலும் அடகுக்குப் போனது.

"கடனை அடைக்க வேணாம்னு யாரும் சொல்லலைம்மா. நிமிர்றதுக்குள்ள அடைக்கப் பார்த்தே பாரு, அதான் தப்பு" என்றார் என் மாமியார்.

மத்திய அரசின் கணக்கைப் பார்த்தபோது எனக்கு இந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது.

என் மாமியார் திருவள்ளூர் பக்கம் கிராமத்தில் இருப்பவர். 2020-ல் நூறு நாள் வேலைக்குப் போனார். அப்போது தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 256 ரூபாய். அந்த 2020-21-ல் நாடு முழுக்க இந்த வேலைக்கு சுமார் 1,11,000 கோடி ரூபாய் செலவானது. வேலை இழந்து ஊர் திரும்பியவர்களுக்கெல்லாம் அதுதான் கஞ்சி. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அதை 73,000 கோடியாகக் குறைத்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்தார்கள் போலும். இரண்டே மாசத்தில் இரண்டாவது அலை. கடைசியில் அந்த வருஷமே ஒதுக்கீட்டை 98,000 கோடியாக உயர்த்த வேண்டி வந்தது. கூடுதலாகக் கொடுத்த இலவச தானியமும் இப்படித்தான். 2020 நவம்பரோடு நிறுத்தினார்கள், 2021 மே மாசம் மறுபடி ஆரம்பித்தார்கள்.

"தேவை குறைந்தது, ஒதுக்கீடும் குறைந்தது" என்று சிலர் சொல்வார்கள். நிஜமாகவே குறைந்ததா? கொரோனாவுக்கு முன்பு, 2019-20-ல், நாடு முழுக்கச் சேர்த்து 265 கோடி ஆள்-நாள் வேலை நடந்தது. 2020-21-ல் 389 கோடி. 2021-22-ல் 363 கோடி. சிப்காட்டில் புகை வந்தது நிஜம்தான். ஆனால் வெயிலில் மண் வெட்டப் போகிறவர் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லையே! வேறு நல்ல வேலை கிடைத்தால் யார் அதற்குப் போவார்கள்?

அப்படியிருந்தும் 2023-24 பட்ஜெட்டில் 60,000 கோடிதான் ஒதுக்கினார்கள். பிறகு அதையும் 86,000 கோடியாக ஏற்றினார்கள். முதலில் குறைத்து, பிறகு ஏற்றுவதால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பணம் வரும் வரை கூலி தள்ளிப் போகும். 2025 ஜனவரியில்கூட, தமிழகத்துக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் புதுச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் பாடம் பழசாகிவிடவில்லை.

கேஸ் கதையும் நமக்குத் தெரியும். 2020 மே மாசம் சென்னையில் சிலிண்டர் 570 ரூபாய்க்குள் இருந்தது. விலை இறங்கியதால் மானியம் நின்றது. சரி, நியாயம். ஆனால் 2022 மே மாசம் ஆயிரத்தைத் தாண்டியபோதும் நம் போன்ற சாதாரண இணைப்புக்காரர்களுக்கு அந்த மானியம் திரும்பவில்லை. 2023 ஆகஸ்டில்தான் 200 ரூபாய் குறைத்தார்கள்.

அரசாங்கம் சிக்கனமாக இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020-21-ல் நாட்டின் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 9.2 சதவீதம். அதை ஒரேயடியாக வெட்டாமல் 6.7, 6.4, 5.6 என்று படிப்படியாக இறக்கினார்கள். அந்த நிதானம் சரிதான். ரோடு, ரயில் போன்ற வேலைகளுக்கான செலவையும் 4.26 லட்சம் கோடியிலிருந்து 2023-24 பட்ஜெட்டில் 10 லட்சம் கோடியாகக் கூட்டினார்கள். அதுவும் வேண்டியதே. ஆனால் பாலம் கட்டிய பலன் வர வருஷக்கணக்காகும். என் மாமியார் கையில் வந்த கூலி அந்த வாரமே மளிகைக் கடைக்கும் காய்கறிக்காரிக்கும் போய்ச் சேரும். அதனால் எவ்வளவு குறைத்தார்கள் என்பதைவிட, எதில் முதலில் கை வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

பெரிய நாடுகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 1930-களின் பெரும் மந்தத்திலிருந்து அமெரிக்கா எழுந்து வந்த நேரம், 1937-ல் அதிபர் ரூஸ்வெல்ட் செலவைக் குறைத்தார். வரியும் ஏறியிருந்தது. அடுத்த வருஷமே வேலையில்லாதவர்கள் 14 சதவீதத்திலிருந்து 19 சதவீதமானார்கள். மறுபடியும் செலவைக் கூட்டித்தான் நிமிர்ந்தார்கள்.

தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். ஏற்கெனவே கடனில் இருந்த நாடு, 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக இறக்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அதே வரியை 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கினார்கள், அதுவும் ஜனங்கள் நொடிந்து கிடந்த நேரத்தில்! நல்ல காலத்தில் அடைக்காத கடன் கெட்ட காலத்தில் கழுத்தை நெரிக்கும்.

அப்படியானால் எப்போது குறைப்பது? தொழிற்சாலை திறந்த அன்றைக்கல்ல. ஓவர்டைம் திரும்பி, அடகுக் கடை வாசலில் மீட்க வருகிறவர் கூட்டம் அதிகமாகி, மண்வேலை கேட்டு வருகிறவர் தானாகக் குறையும்போது குறைக்கலாம். அப்போதும் கடைசி வீட்டுக் கஞ்சியில் கடைசியாகத்தான் கை வைக்க வேண்டும்.

நான் 2022-ல் முதலில் மிஷினைத்தான் ரிப்பேர் பண்ணினேன். கம்மல் அந்த வருஷமே வந்தது, சங்கிலி 2023 தீபாவளிக்கு வந்தது. வட்டி கொஞ்சம் கூடப் போனது நிஜம். ஆனால் அதற்குப் பிறகு அடகுக் கடைப் பக்கம் போகவில்லை.

நம் வீட்டுக் கணக்கு வேறு, நாட்டுக் கணக்கு வேறு என்று படித்தவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். எந்தச் செலவை எப்போது நிறுத்துவது என்பதில் நமக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டுதானே, தோழிகளே? நீங்களும் எழுதுங்கள்.

— ஓர் இல்லத்தரசி, வள்ளூர்.