கல்லூரிக் கடிதம் அசலா? பணம் கட்டும் முன் பாருங்க!

வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு, அம்மா நகையை அடகு வைத்தாவது கனடாவுக்குப் பறக்கத் துடிப்பவர்கள் 2023-ல் நடந்ததை மறக்கக் கூடாது.

புரோக்கர் கொடுத்த அனுமதிக் கடிதத்தை நம்பிப் போன பஞ்சாப் மாணவர்கள் பலர், படிப்பு முடிந்து நிரந்தரமாகத் தங்க மனு போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கடிதம் போலி! நாட்டை விட்டு வெளியேற்ற நடவடிக்கை பாய்ந்தது. மாணவர்கள் போராட்டத்தில் குதித்தனர். மோசடியில் பங்கில்லாதவர்களை வெளியேற்றுவதில்லை என்று ஜூனில் அமைச்சர் சொன்ன பிறகே அவர்களுக்கு மூச்சு வந்தது.

2023 டிசம்பர் 1 முதல் கடிதம் அசலா என்று கல்லூரியிடமே கேட்கிறது கனடா அரசு. சரி, புரோக்கரிடம் போன பணம்? அது திரும்புமா?

அமெரிக்காவுக்கு ஐ-20 படிவம், பிரிட்டனுக்கு சி.ஏ.எஸ். எண். எதுவானாலும் தருவது கல்லூரிதான், புரோக்கர் அல்ல. கல்லூரிக்கு நேரே எழுதிக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அதற்கு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை!