எஞ்சிய பலகையில் ஒரு பெட்டி

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர் நம் முன்னோர். இதன் உண்மையைத் தோட்டத்து மக்கள் கண்கூடாகக் கண்டவர்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த இரப்பர் மரம் ஒரு காலத்தில் வெட்டி எரிக்கப்பட்டது. பூச்சியும் பூஞ்சணமும் அரிக்காதவாறு அதனைப் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தும் முறை பரவிய பின்னர், அதே மரம் நாற்காலியும் மேசையுமாகி அயல்நாடுகளுக்குக் கப்பலேறுகின்றது. நம் ஜொகூர் மாநிலத்து மூவார் நகரம் இத்தொழிலால் பெயர் பெற்றது. விறகென ஒதுக்கியது விலை பெற்றது, மனிதரின் கையும் அறிவும் பட்டதனால் அன்றோ?

மாசாய் வட்டாரத்தில் தோட்டங்களை அடுத்துத் தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. 1977இல் இயங்கத் தொடங்கிய பாசிர் கூடாங் துறைமுகத்தைச் சூழ்ந்த பட்டறைகளில் துண்டுப் பலகைகளும் ஒட்டுப்பலகை ஓரங்களும் எஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டு ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு பெட்டி செய்துகொள்ளல் வேண்டும் என்பது நமது கருத்து.

உடன்பிறந்தார் பலர் வாழும் சிறிய வீட்டில் புத்தகமும் வண்ணப் பென்சிலும் காணாமற்போவது இயல்பு. தமக்கென ஓர் இடம் உள்ள பிள்ளை பொருளைப் பேணக் கற்கிறது. பிறர் பொருளை மதிக்கவும் கற்கிறது.

தச்சு வேலை படிப்பைக் கெடுக்கும் எனப் பெற்றோர் அஞ்ச வேண்டா. 1910இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வாழ்ந்தனர். அங்கே ஏட்டுக் கல்வியோடு தச்சு வேலையும் கற்பிக்கப்பட்டது. விசுப்பலகை முதல் பெட்டி வரை பண்ணைக்கு வேண்டியவற்றை அவர்களே செய்துகொண்டனர். கைத்தொழில் அறிவுக்குப் பகையன்று, துணையே.

ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், முக்கால் அடி உயரம் போதும். அளந்து கோடிடுக; மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்த பின்னரே அறுத்திடுக. விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி ஆணி அறைந்து, மூடிக்கு இரண்டு கீல்கள் பொருத்துக. அளவு பிசகினால் மூடி பொருந்தாது. கணக்குப் பாடத்தின் பயனை அம்மூடியே உணர்த்திவிடும். இரம்பம் பிடிக்கும் வேலையைப் பெரியோர் செய்து தருக.

சில எச்சரிக்கைகளும் உள. எஞ்சிய பொருளாயினும் அது பட்டறைக்கு உரியது. கேட்டுப் பெறுக, கேளாது எடுப்பது களவாகும். சரக்கு அடுக்கும் பேலட் பலகையில் ‘எச்.டி.’ என்னும் முத்திரை இருப்பின் அது வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது. ‘எம்.பி.’ என்றிருப்பின் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டது, அதனைத் தவிர்த்திடுக. எண்ணெயோ இரசாயனமோ படிந்த பலகையையும் தகரத்தையும் தொடவே வேண்டா.

கழிவைப் பொறுப்பின்றி வீசினால் நேர்வது யாதென நம் வட்டாரம் அறியும். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர்; 111 பள்ளிகள் மூடப்பட்டன. எஞ்சியவற்றை என்ன செய்வது என்று சிந்திக்கும் பழக்கம் இளமையிலேயே வர வேண்டும். அப்பழக்கத்தை ஒரு சிறு பெட்டியிலிருந்து தொடங்கலாம்.

மாணவச் செல்வங்களே! வரும் விடுமுறையில் பெற்றோர் துணையுடன் முயலுங்கள். கடையில் வாங்கிய பெட்டி பளபளக்கும். நீங்கள் செய்த பெட்டியோ உங்கள் உழைப்பின் பெருமையைச் சொல்லும்.